வடிகால் விதிகளும் அண்ணனின் பல் செட்டும்

அச்சகத்தில் எல்லோரும் அவரைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘அழைக்கிறோம்’ என்பது ‘அழைககிறோம்’ என்று விழுந்திருந்ததைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். எண்ணூறு தாள் வீண். முதலாளி, “ஒரு புள்ளிக்காகவா?” என்று கேட்டார். “ஆமா, ஒரு புள்ளிக்காகத்தான்” என்றார் இவர்.

அதன் பிறகு முப்பது வருடம் அதே நாற்காலியில் மெய்ப்புத் திருத்தினார். இப்போது வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துவிட்டார்கள். அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார். சாப்பாடு கீழே, படிப்பு மேலே.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அவர் மைக் இல்லாமலே சொல்லுவார்; மைக் இருப்பவர்களும் அவரையே சொல்லச் சொல்லுவார்கள். சென்ற வருடம் மேல்வரிசைப் பற்களை மொத்தமாக எடுத்துவிட்டுப் பல் செட் வைத்தார்கள். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். அண்ணனுக்குப் பல் வந்த பிறகுதான் சொல் போனது. செட் ஈறில் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்கும்போதுதான் வலியே.

மதியம் வரை தாங்குவார். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் கழற்றி, ஒரு காகிதத்தில் சுற்றி மேசையில் வைத்துவிடுவார். இரண்டு முறை துப்புரவுக்காரம்மா அதைக் குப்பையென்று எடுத்துப் போய்விட்டார். இரண்டாம் முறை அண்ணன் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேட வேண்டியிருந்தது. சுற்றி நின்ற டிரைவர்களிடம் பேனா தொலைந்துவிட்டது என்று சைகை காட்டினார். ஒரு டிரைவர் தன் பேனாவைக் கொடுத்தார்.

“ஒரு டப்பால போட்டு வைக்க வேண்டியதுதானே?” என்று அண்ணி கேட்டார்.

“டப்பான்னா திங்கிறதுக்கு ஏதோ இருக்குன்னு எவனாவது திறப்பான்” என்றார் அண்ணன், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

புள்ளியக்கா நாட்காட்டியைப் பார்த்தார். அண்ணனின் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. மறுநாள் அச்சகத்தின் பைண்டரிடம் போய், புத்தகத்துக்குள் குழி வெட்டுவது எப்படி என்று கேட்டார்.

பைண்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எதை ஒளிக்கப் போறீங்கக்கா?”

“பல்லு.”

பைண்டர் வேறு கேள்வி கேட்காமல் சொல்லிக்கொடுத்தார். பக்கங்களின் வெளி ஓரத்தில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவி, மேலே பாரம் வைத்து ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுக் கட்டம் போட்டு, இரும்பு ஸ்கேலை வைத்து வெட்ட வேண்டும். “ஒரு தடவைக்கு அஞ்சாறு தாளுக்கு மேல ஆசைப்படாதீங்க. மூலையிலதான் பொறுமை வேணும்.”

எந்தப் புத்தகத்தை வெட்டுவது என்பதில் நான்கு நாள் போனது. தடிமனாக இருக்க வேண்டும். டைம்கீப்பர் மேசையில் கிடந்தால் உறுத்தக் கூடாது. முக்கியமாக, எந்த மனிதனுக்கும் அதைத் திறக்கும் ஆசை வரக் கூடாது. அகராதியை வெட்ட மனம் வரவில்லை. வீட்டு வைத்தியப் புத்தகத்தை அண்ணி தினமும் பார்த்துப் புதிய வியாதிகள் கண்டுபிடிப்பார். கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ‘நகர வடிகால் விதிகள், மூன்றாம் பதிப்பு’ கண்ணில் பட்டது. அறுநூற்று நாற்பது பக்கம். பதினோரு வருடத்துக்கு முன் அவரே மூன்று முறை மெய்ப்புப் பார்த்த புத்தகம். அச்சகம் அவருக்குக் கொடுத்த ஒரே பிரதி. அதை அவரைத் தவிர யாரும் முழுதாகப் படித்திருக்க வாய்ப்பில்லை என்று உறுதியாக நம்பினார்.

முதல் நாற்பது பக்கங்களைத் தொடாமல் விட்டார், மேலோட்டமாகப் புரட்டுபவர்களுக்காக. மற்றதை ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினார். பிளேடு இரண்டு முறை விரலில் ஏறியது. வெட்டியெடுத்த துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை. வரிசை மாறாமல் நூலால் கட்டுக் கட்டாகக் கட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தார். தாளைத் தொலைப்பது அவருடைய தொழிலில் இல்லாத பழக்கம். பழைய கண்ணாடிக் கூட்டிலிருந்து வெல்வெட்டைப் பிரித்துக் குழியின் அடியில் ஒட்டி, சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை அதில் பொருத்தினார்.

பிறந்தநாளன்று அண்ணன் காகிதத்தைப் பிரித்துத் தலைப்பைப் படித்தார். “வடிகால் விதிகளா? எனக்கெதுக்கும்மா இது?”

“நாப்பதாம் பக்கத்துக்கு மேல பாருங்கண்ணா.”

பார்த்தார். வெல்வெட்டை விரலால் தடவினார். பிறகு பல்லைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினார். “அதுலதானே இருக்கு, எங்க போயிடப் போகுது?” என்றார் அண்ணி.

ஐந்து மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. ஆறாம் மாதம் மழையில் பணிமனை வளாகம் முழங்கால் அளவு நிரம்பியது. அதைப் பார்வையிட வடிகால் பொறியாளர் வந்தார். ஒல்லியான மனிதர், மனைவியை இழந்தவர், மழைக்காலத்தில் மட்டும் ஊருக்கு நினைவு வருகிற வேலை. மதிய நேரம். டைம்கீப்பர் அறைக்குள் நுழைந்தவர் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“மூணாம் பதிப்பு! சார், உங்ககிட்ட எப்படி?”

அண்ணனின் பல் அப்போது அந்தப் பதிப்புக்குள் இருந்தது. எனவே அவர் வாயைத் திறக்கவில்லை.

“மொத்தமே முன்னூறு பிரதிதான் போட்டாங்க. எங்க ஆபீஸ்ல இருந்தது வெள்ளத்துல போயிடுச்சு” என்றார் பொறியாளர். வடிகால் விதிகள் வெள்ளத்தில் போனதை அவர் சிரிக்காமல்தான் சொன்னார். “ரெண்டு நாள்ல திருப்பித் தந்துடறேன். எழுபத்து நாலாவது விதி பார்க்கணும்.”

அண்ணன் தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினார். ‘பரவாயில்லை, அவசரமே இல்லை’ என்கிறார் என்று பொறியாளர் புரிந்துகொண்டார். நன்றி சொல்லிவிட்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனார். அங்கே ஆறு அதிகாரிகள் முன்னிலையில் எழுபத்து நாலாவது விதியைத் திறந்தார்.

மேலதிகாரி எட்டிப் பார்த்து, “இது எந்த விதி?” என்று கேட்டாராம்.

அன்று மாலை பொறியாளர் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அண்ணன் உள்ளறையில் இருந்தார். புள்ளியக்கா கதவைத் திறந்தார்.

“பல்லு அவரோடது. அதுல எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. புத்தகத்தை யார் வெட்டினது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“அளவு சரியா இருந்தது.”

பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அம்மா, நாளைக்குக் குழி தோண்ட ஆள் வருது. எத்தனை அடிக்கு ஒரு குழி, எவ்வளவு சரிவு, எல்லாம் அந்த விதியிலதான் இருக்கு. இப்ப நான் எங்க போய்க் கேக்கறது?”

புள்ளியக்கா மாடிக்குப் போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

ஒன்பதாவது கட்டுக்குள் அந்த விதி இருந்தது. ஆனால் துண்டுகளில் ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு மூன்று எழுத்தும் கடைசி இரண்டு மூன்று எழுத்தும் இல்லை. அவை புத்தகத்தின் ஓரத்தோடு பசையில் இறுகிக் கிடந்தன. பொறியாளர் இருப்பதை வாசிக்க, புள்ளியக்கா இல்லாததைச் சொல்ல, அண்ணி காபி போட்டார். பாதிச் சொல்லைக் கேட்டு மீதியைச் சொல்லுவது புள்ளியக்காவுக்குச் சிரமமாக இல்லை. மூன்று முறை படித்தது, எண்கள்கூட நினைவிருந்தன.

“‘...வொரு குழிக்கும் இரும்பு முடி பொருத்தப்பட...’” என்று வாசித்தவர் நிறுத்தினார். “முடியா?”

“மூடி” என்றார் புள்ளியக்கா.

“‘முடி’ன்னுதான் இருக்கு.”

புள்ளியக்கா வாங்கிப் பார்த்தார். முடிதான். பதினோரு வருடமாக நகரத்தின் ஒவ்வொரு குழிக்கும் இரும்பு முடி பொருத்தப்பட வேண்டும் என்று சட்டம் இருந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“யாரும் சொல்லவே இல்லையே” என்றார்.

“படிச்சாத்தானே சொல்றதுக்கு” என்றார் பொறியாளர். பிறகு, “நானும் இத்தனை வருஷமா மூடின்னுதான் படிச்சிருக்கேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரமே புள்ளியக்கா முதலாளியிடம் போய், பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்தே ஆக வேண்டும் என்றார். முதலாளி முப்பது வருட அனுபவத்தில் எதிர்த்துப் பேசவில்லை. ‘முடி என்பதை மூடி எனக் கொள்க.’ முன்னூறு சீட்டுகள் அலுவலகங்களுக்குத் தபாலில் போயின. இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று நன்றி சொன்னது. மற்றது, நீங்கள் யார் என்று கேட்டது.

பணிமனையில் அண்ணனைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு மூத்த கண்டக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தி, தன் கீழ்வரிசையைக் கழற்றி மேசையில் வைத்து, “உங்களுக்கு எந்த டாக்டர் போட்டாரு? சரியில்லையே. என் ஆளைப் பாருங்க” என்றார். அந்த டாக்டர் அரை மணி நேரம் செட்டை அரத்தால் ராவியதில் ஈறு குத்துவது நின்றது.

குழிகள் விதிப்படி தோண்டப்பட்டு, மூடிகளும் பொருத்தப்பட்டன. அடுத்த பெருமழையன்று பொறியாளர் அச்சகத்துக்குப் போன் செய்து, வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். முப்பது வருடத்தில் முதல்முறையாகப் புள்ளியக்கா அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தார்.

பணிமனை வாசலில் மூன்று பேரும் ஆளுக்கொரு குடையோடு நின்றார்கள். தண்ணீர் நான்கு பக்கமிருந்தும் சரிவில் இறங்கி வந்து, மூடியின் துளைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, சத்தத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. புள்ளியக்கா கல்யாணப் பத்திரிகைகளைத் திருத்தியிருக்கிறார். எந்தக் கல்யாணம் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. தான் திருத்திய ஒரு வரி வெளியே போய் வேலை செய்வதை அவர் இப்போதுதான் பார்க்கிறார். புடவைக் கரை நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை.

“எவ்வளவு நேரம்மா பாப்பே?” என்றார் அண்ணன். “தண்ணிதானே?”

“இருங்கண்ணா” என்றார் புள்ளியக்கா. “முழுசாப் போகட்டும்.”

பொறியாளர் தன் குடையை அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்.