கண்ணாடித் தகட்டில் என் கன்னம்

லேப் டெக்னீசியன் டிப்ளமோவில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. வீட்டுக்கு முதல் மொபைல் போன் வாங்கிய வருடம் அது. வகுப்பில் மற்றவர்கள் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், டீச்சர் என்று நினைத்து நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நான் படித்தது தமிழ் மீடியம். இங்கே பாடமெல்லாம் ஆங்கிலம். தவளக்குப்பத்திலிருந்து டவுனுக்கு என் கணவர்தான் மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். போகும் வழியில் என்னைப் பாடம் ஒப்பிக்கச் சொல்வார். மில் வேலைக்காரரான அவருக்கே அந்தப் பெயர்கள் பழகிவிட்டன. செய்முறைத் தேர்வு அன்றும் ஆரம்பித்தார்.

"மைட்டோகாண்ட்ரியா?"

"சாப்பாட்டுச் சத்த எரிச்சு செல்லுக்குத் தெம்பு குடுக்கும்."

"ரைபோசோம்?"

"புரதம் பண்ணும்."

"கோல்ஜி?"

"பண்ணுனத பொட்டலம் கட்டி, எங்க போவணுமோ அங்க அனுப்பும்."

"இன்னும் ஒரு வருசம் போனா நானே பரிட்ச எழுதிடுவேன் போல" என்று சிரித்தார்.

எனக்கு வந்த கேள்வி, கன்னத்தின் உட்புறச் செல். பல்குச்சியால் என் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டேன். மேலே மூடும் சிறு கண்ணாடியைச் சட்டென்று வைத்ததில் காற்றுக் குமிழிகள் புகுந்துவிட்டன. இரண்டாவது தகட்டில்தான் சரியாக வந்தது. நுண்ணோக்கியில் வெளிர்நீலத்தில், ஓரம் மடிந்த மெல்லிய சில்லுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரும்பொட்டு. ஒரு வருடமாகப் படத்தில் பார்த்ததுதான். ஆனால் இவை சற்று முன்புவரை என் வாய்க்குள் இருந்தவை. நேரம் ஓடுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவசர அவசரமாக வரைந்தேன். மனப்பாடம் செய்த உறுப்புகள் ஒன்றையும் விடவில்லை.

தேர்வாளர் என்னைவிட இளையவர், வெளியூர்க்காரர். நுண்ணோக்கியில் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"மைட்டோகாண்ட்ரியா, கோல்ஜி எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. "இல்ல மேடம். புக்குல இருக்குது, அதான் போட்டேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"ஓரத்துல ஒரு கோடு, செல் சவ்வு. எது உள்ள வரலாம், எது வெளிய போவலாம்னு பாத்து விடும்."

"நடுவுல?"

ஆங்கில வார்த்தை அந்த நேரத்தில் மறந்து தொலைத்தது. "உட்கரு மேடம்…" என்று இழுத்தேன்.

"தமிழ்லயே சொல்லுங்க."

"டிஎன்ஏ அதுக்குள்ளதான் இருக்குது. செல்லு இன்னா வேல செய்யணும்னு அங்கருந்துதான் சேதி போவும். ரெண்டுக்கும் நடுவுல கலங்கலா இருக்கிறது சைட்டோபிளாசம். மத்த உறுப்பெல்லாம் அதுலதான் கெடக்கும். இந்த நுண்ணோக்கியில தெரியாது."

அவர் புதுத் தாள் ஒன்றை நீட்டினார். "பத்து நிமிஷம் இருக்கு. பாத்தத மட்டும் போடுங்க. நாளைக்கு லேப்ல இல்லாதத இருக்குன்னு எழுதினா, கஷ்டப்படுறது நோயாளிதான்."

காது மடல் சுட்டது. மூன்று செல்கள் வரைந்து, மூன்றே பெயர்கள் எழுதினேன். தாள் வெறிச்சென்று இருந்தது. ஃபெயில் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

பாஸாகிவிட்டேன். அடுத்த வருடம் டவுனில் சாரம் என்ற பகுதியில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. தகட்டில் சரியாகத் தெரியாவிட்டால் மறுபடி ரத்தம் கேட்பேன். இரண்டாவது ஊசிக்கு நோயாளிகள் முகம் சுளிப்பார்கள். முதலாளியும் முணுமுணுப்பார். ஆனாலும் சந்தேகமான தகடுகளை அவர் என் மேஜைக்குத்தான் அனுப்புவார்.