தபாலில் சேராத நகர்த்தல்

அஞ்சலட்டையைக் கவுண்டருக்குள் நீட்டிய பிறகும் ஹேதி கம்மூன் விரலை எடுக்கமாட்டார். அதிலுள்ள நான்கு எண்களை முன்னும் பின்னுமாக மூன்று முறை படிப்பார். தபால் வழிச் சதுரங்கத்தில் காய் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்பதற்கான எண்கள் அவை. ஒரு தடவை எண் மாறிப்போய் ராணியையே பறிகொடுத்தவர். "எழுதினது எழுதினதுதான் தங்கச்சி," என்பார், தபால் கவுண்டரில் இருக்கும் என்னிடம். பின்னால் வரிசை முணுமுணுக்கும், அவருக்கென்ன.

எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரின் துறைமுகத்தருகே தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை அவருடையது. எண்ணெய்க் குப்பிகளுக்கு நடுவே சதுரங்கப் பலகை விரித்தபடியே கிடக்கும். பதினோரு வருடமாக ஒரே தொடக்கத்தைத்தான் ஆராய்கிறார்: ஐந்தாவது நகர்த்தலிலேயே குதிரையைப் பலி கொடுத்துவிட்டு எதிரி ராஜாவைத் துரத்துவது. உருப்படாத தொடக்கம் என்கின்றன புத்தகங்கள். அதை ஆடி எட்டு முறை தோற்றுமிருக்கிறார். "தோத்தது நான். தொடக்கம் இன்னும் தோக்கல." வெறும் வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒன்பதாவது ஆட்டம் போலந்தில் இருக்கும் விடோல்டு என்ற வாத்தியாரோடு. மூன்று வருடம் அட்டைகள் போய் வந்தன. "கட்டிக்கிட்டது என்னை, குடித்தனம் பண்றது அந்தப் போலந்துக்காரரோட," என்பார் மனைவி ஸுஹ்ரா. பதினேழாவது நகர்த்தலில் ஹேதி யானையை வைத்து யாருமே யோசிக்காத ஒன்றைச் செய்தார். ஜெயித்தால் அந்தத் தொடக்கம் அவர் பெயரோடு சதுரங்கப் பத்திரிகையில் வரும்.

போன மாதம் ஓர் உறை வந்தது. விடோல்டு இறந்துவிட்டார். விதிப்படி வெற்றி ஹேதிக்கு. கூடவே, விடோல்டு முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டாமல் மேசையில் விட்டுப்போன அட்டையையும் அவர் மனைவி அனுப்பியிருந்தார். ஆட்டம் தெரியாத பெண்மணி. ஹேதி ஒரு வாரம் பலகையை விட்டு எழவில்லை. அட்டையில் இருந்த நகர்த்தல் சாதாரணச் சிப்பாய், ஒரே ஒரு கட்டம். பதினோரு வருட உழைப்பும் அதில் சரிந்தது.

"அது தபால்ல சேரவே இல்லியே, ஹேதி அண்ணே. நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது," என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே தங்கச்சி."

நேற்று வந்து அஞ்சல்தலை ஒன்று கேட்டார். அதை இறந்தவரின் அட்டையில் ஒட்டி, முத்திரை குத்தச் சொல்லி என் முன்னால் வைத்தார். குத்தினேன். "இப்ப வந்து சேந்துடுச்சு," என்று வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று, ஆட்ட நடுவருக்கு இன்னொரு அட்டையில் 'தோற்றேன்' என்று எழுதினார்.