தம்பி இல்லாமல் ரூம் கிடையாது

திருப்பதி லாட்ஜ் கவுண்டரில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே மனைவி, மக்கள், மாமியார் என்று ஒரு கூட்டம் நிற்க வேண்டும். நின்றால்தான் சாவி. தனியாக வருகிறவன் வாழ்க்கையில் எதையோ தோற்றுவிட்டு வருகிறான் என்று அவர்களுக்குப் பயம். நான் தோற்றது என் தலைமுடியிடம் மட்டும்தான். அதை எப்படித் தெலுங்கில் சொல்வது?

விருதுநகரில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். ஒரு மணி நேரம் தனியாக இருக்க மாட்டோமா என்று ஏங்கியவன் நான். குளியலறைக் கதவையே நிமிடத்துக்கு ஒருவர் தட்டுவார்கள். ஐம்பது வயதில் இன்சூரன்ஸ் சர்வேயராகச் சித்தூர், திருப்பதிப் பக்கம் போட்டதும், உள்ளூரக் குதித்தேன். கம்பெனி தரும் படிக்குச் சாதாரண லாட்ஜ்தான் கட்டும். சாதாரண லாட்ஜ் எல்லாவற்றிலும் 'சிங்கிள் லேது', ஒற்றை ஆளுக்கு இல்லை என்றுதான் பதில்.

மூன்றாவது லாட்ஜில் அதே பதிலைக் கேட்டு, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சை மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் என் சட்டையைத் தொட்டார். பெரிய மீசை, சுருள் முடி, கையில் மஞ்சள் பை.

"அண்ணா, ஒண்டியா வந்துகிறீங்களா? நானும் ஒண்டிதான். கூடப் பொறந்தவங்கன்னு சொல்லிக்கினு போயிடலாம் வாங்க."

யார் மூத்தவர் என்று கிளர்க் தெலுங்கில் கேட்டார். ஒருவரையொருவர் கைகாட்டினோம். ஆதாரில் அப்பா பெயர் வேறு வேறாக இருந்ததையும் அவர் பார்த்தார். தலை இரண்டு இருந்தது, அது போதும் அவருக்கு. ரிஜிஸ்டரில் உறவு என்ற கட்டத்தில் 'தம்பி' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெயர் முனிரத்தினம் என்றார், வேண்டுதலுக்கு வந்ததாகச் சொன்னார். நான் தொழிலைச் சொல்லவில்லை. சர்வேயர் என்று தெரிந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட நசுங்கிய பம்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பாதிப் புளிசாதம் கொடுத்துவிட்டு, புல்டோசர் மாதிரி குறட்டை விட்டார் என் தம்பி.

இரண்டு நாள் கழித்து நகரியில் தீப்பிடித்த விசைத்தறிக் கொட்டகையைப் பார்க்கப் போனேன். பாலிசி ஒரு அம்மாள் பெயரில் இருந்தது. ஆறு தறிகள் கருகிக் கிடந்தன. அவற்றை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த அம்மாளின் கணவர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வெளியே வந்தார். மீசையும் இல்லை. சிரித்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"சர்வேயர் நல்ல மனுசனா வரணும்னு வேண்டிக்கினுதாண்ணா மொட்டை போட்டேன். சாமி உங்களையே அனுப்பிக்கீது."

உரிமை கோருகிறவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் என் அறிக்கை செல்லும். லாட்ஜில் என் கையெழுத்தோடு ஒரு தம்பி இருக்கிறான். இது தெரிந்தால் என் லைசென்ஸும் போகும், அவர் கிளெய்மும் போகும். ஜெயிலிலாவது சிங்கிளுக்கு ரூம் தருவார்களா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். புகைநாற்றத்துக்கு நடுவே மேனேஜருக்குப் போன் போட்டு, இது என் தம்பி வீட்டுக் கேஸ், நான் எழுத முடியாது என்றேன்.

"உனக்கு ஏதுய்யா நகரியில தம்பி?"

"ரூம் கிடைக்கல சார். அதனால பொறந்தான்."

அவர் சிரித்து முடிக்கும்வரை வேலை போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் வேர்த்தேன். வேறு சர்வேயரை அனுப்புவதாகச் சொன்னார். முனிரத்தினம் தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ என் மொட்டை வீணாண்ணா?"

வரப்போகிறவர் என்னைவிடக் கறார், உள்ளதை உள்ளபடி எழுதுவார் என்றேன். அப்படியே எழுதினார். முனிரத்தினத்துக்கு முடி காதைத் தொடும் முன்னே தறி ஓட ஆரம்பித்துவிட்டது. போனில் அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தார். அவர் பேசிய ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

இப்போது அதே லாட்ஜில் கிளர்க் என் பின்னால் எட்டிப் பார்த்து, "தம்முடு ஏடி?" என்கிறார். வீட்டில் இருக்கிறான் என்கிறேன். தம்பி உள்ளவன் தனி ஆள் இல்லையாம், சாவி கொடுத்துவிடுகிறார். ஊர் திரும்பினால், விருதுநகரில் என் மனைவி கதவைத் திறக்கிறாள். அவளுக்குப் பின்னால் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. நானோ உள்ளே போகாமல், என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.