டீச்சர் கேட்ட சர்நேம்

தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மகள் கவிதாவை முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது டீச்சர், "சர்நேம் க்யா?" என்றார். நமக்கு ஏது சர்நேம்? ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். நர்ஸிங் சான்றிதழ் வரை அதுவே ஒட்டிக்கொண்டது. பாஸ்போர்ட்டில் மட்டும் ரேஷன் கார்டைப் பார்த்து என் பெயரைப் போட்டோம்.

இரண்டு வருடம் ஜெர்மன் படித்து, அந்த நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலையும் வாங்கினாள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று கேட்டுத் தாள்களைத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் திருத்தி வாங்குவதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

"விடுங்கப்பா, ஒங்களுக்கு அப்ப என்ன தெரியும்?" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது எங்கள் சந்தில் யார் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலும் நானும் கூடப் போகிறேன். "ரேஷன் கார்டுல உள்ள பேரையே எழுதுங்க" என்பேன். செம்பூர் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குக் கிளம்பும் கவிதா, காதில் விழாதது போல எங்களைக் கடந்து போவாள்.