ஜீப்பு குடித்த தண்ணீர்

செத்துப்போன அத்தை, மாமாவின் ஜீப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. சந்தேகப்பட்டவர் அப்பா ஒருவர்தான். அவரும் அம்மா காதில் விழாதபடிதான் சந்தேகப்படுவார்.

அரூரிலிருந்து வெகுதூரம் உள்ளே, மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடந்தது எங்கள் ஊர். வெளியே போக ஒரு மலையை ஏறி இறங்க வேண்டும். அம்மாவின் தம்பியான மாமா, ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். புளி மூட்டை, ரேஷன் அரிசி, பிரசவ வலி கண்டவர்கள் எல்லாம் அதில்தான் மலையேறுவார்கள். அத்தையைக் கண்ணாடி விரியன் கடித்த அன்றும் அதில்தான் ஏற்றினார்கள். மூன்றாவது வளைவில் இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. அம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்த அத்தை தண்ணீர் கேட்டாள். வண்டியில் இருந்த ஒரே கேன் தண்ணீரை மாமா அதற்குள் ரேடியேட்டரில் ஊற்றி முடித்திருந்தார். சூடு தணிந்து வண்டி கிளம்பும்போது அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனது உடம்பு மட்டும்தான்.

கருமாதி முடிந்து மாமா ஜீப்பை எடுத்தார். காலையில் கழுத்துவரை ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் பாதிகூட இல்லை. கீழே ஒரு சொட்டும் இல்லை. குழாய்களை மாற்றினார், ரேடியேட்டர் மூடியை மாற்றினார், யாரோ சொன்னார்கள் என்று உள்ளே இருந்த வால்வைக் கழற்றித் தூர எறிந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அம்மா ஒரு சோதனை வைத்தாள். அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஓடி வந்து நின்ற வண்டிக்கு அடியில் சீராகத் தூவினாள். ஒரு சொட்டு விழுந்தாலும் குழி தெரியும். விடிந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். சாம்பல் தூவியபடியே கிடந்தது. எறும்பு ஊர்ந்த தடம்கூட இல்லை. ரேடியேட்டரில் மட்டும் ஒரு செம்புத் தண்ணீர் குறைந்திருந்தது.

“தாகத்தோட போனவ. வேற யாரு குடிப்பா?” என்றாள் அம்மா.

மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. அத்தை வண்டியில்தான் இருக்கிறாள் என்று ஆனபிறகு குளித்தார், சவரம் செய்துகொண்டார். வண்டியில் எப்போதும் இரண்டு பெரிய கேன்களில் தண்ணீர் இருக்கும். அமாவாசைக்கு பானெட்டின்மேல் ஒரு செம்பு நீரும் ஒரு முழம் கனகாம்பரமும் வைப்பார்.

ஒரு நாள் உச்சி வேளையில் அவரோடு நான் மலையேறினேன். மூன்றாவது வளைவு வந்ததும் இஞ்சின் சீறியது. மாமா நிறுத்தினார். காற்று இல்லை, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஆவி எழுந்து அவர் முகத்தை மறைத்தது. அது அடங்கியதும் கேனைச் சாய்த்து, குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல மெல்ல ஊற்றினார்.

“குடி. அவசரமில்ல. இன்னிக்கு நெறைய இருக்குது.”

உள்ளேயிருந்து குபுக் குபுக்கென்று சத்தம் வந்தது. ஆள் தண்ணீர் விழுங்குகிற சத்தமேதான். பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அடுத்த புளி சீசன் வந்தது. நாலு மூட்டை ஏற்றினாலே ஜீப் நின்றது. கிணற்று மோட்டார் பார்க்க வந்த மேஸ்திரியை அப்பா, பேச்சோடு பேச்சாக ஜீப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். மாமா தடுத்தார்.

“அதுல கை வெக்காதீங்க. அது ரிப்பேர் இல்ல.”

“சும்மா பாக்கறேன், அவ்ளோதாங்கணா,” என்றார் மேஸ்திரி.

வண்டி ஆறிக் கிடந்தது. மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழி குமிழியாக வந்தது. நிற்காமல் வந்தது. அம்மா கும்பிட்டாள். மேஸ்திரி பின்பக்கம் போய், வெள்ளையாகப் புகை கக்கிய சைலென்சருக்கு எதிரே கையைக் காட்டினார். பிறகு அந்தக் கையை மாமாவிடம் நீட்டினார். உள்ளங்கை நனைந்திருந்தது.

“கேஸ்கட் போயிருக்குதுங்கணா. தண்ணி கீழ ஒழுவல. இஞ்சினே குடிக்குது, நின்னா உள்ளாற எறங்கிக்கும், ஓடுனா பொகையா விடும். எத்தினி நாளா கொறையுது?”

“அவ போனதுலேர்ந்து,” என்றார் மாமா.

வகுப்பில் நான் லீடர். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

“இல்ல மாமா, அதுக்கு முன்னாடியே கொறையும். நீங்க எந்திரிக்கறதுக்குள்ள அத்தைதான் தெனமும் கொடத்துல கொண்டாந்து ஊத்துவாங்க. நான்தான் மூடி புடிச்சுக்குவேன். என்னான்னு பாருங்கன்னு ஒங்ககிட்டக்கூடச் சொன்னாங்களே. பாம்பு கடிச்ச அன்னிக்கு வெடியறதுக்குள்ள புளி உலுக்கப் போயிட்டாங்க. அதான் ஊத்தல.”

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. மாமா என்னையே பார்த்தார். மேஸ்திரி கேட்டதற்கு நான் ஒருத்தி மட்டும் சரியாகப் பதில் சொன்னதற்கு மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார்.

“சரிதான். அவ சொன்னா,” என்றார்.

மறுநாள் மேஸ்திரி இஞ்சின் தலையைக் கழற்றி, இரண்டு துளைகளுக்கு நடுவே தீய்ந்துபோன கேஸ்கட் தகட்டை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத கருப்பு. மாமா தகட்டை வாங்கி, அந்தக் கருப்பை மட்டும் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புதுத் தகடு போட்டபின் முதல் முறையாக மலையேறியபோதும் நான் கூட இருந்தேன். ஆறு மூட்டைப் புளி. மூன்றாவது வளைவில் வண்டி சீறவில்லை, திணறவில்லை. ஆனாலும் மாமா நிறுத்தினார். ஆறட்டும் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மூடியைத் திருகினார். கழுத்துவரை தண்ணீர் அசையாமல் நின்றது. வெயில் அதில் பளபளத்தது. கேனைத் தூக்கியவர், ஊற்ற இடமில்லாமல் அப்படியே நின்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது பின்சீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம்.

“அத்தைக்குத் தாகம் தீந்துடுச்சு மாமா. இனிமே கேக்க மாட்டாங்க,” என்றேன்.

மாமா டயரில் முதுகைச் சாய்த்துத் தார்ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கேன் கவிழ்ந்து தண்ணீர் முழுதும் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. பெரிய ஆள் வாய்விட்டு அழுவதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். என் ஓலைத் தொப்பியால் அவருக்கு விசிறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். வண்டி கொதிக்கவே இல்லை, அத்தை போய்விட்டாள், மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம், ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். நான் சொன்னதில் எது தப்பு என்று அன்று ராத்திரி முழுதும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே தப்பாகத் தெரியவில்லை.