வாசலில் சொன்ன கரடிப் படம்

ஸ்டைன்விக் என்ற வடகடல் தீவூரில் எந்தப் பிள்ளையும் வயதைக் கூட்டிச் சொல்லிக் குன்வோரை ஏமாற்ற முடியாது. வார நாட்களில் அவள் குழந்தைகள் நல மையத்தில் எடை பார்ப்பவள். சனி, ஞாயிறுகளில் நகராட்சித் திரையரங்கின் வாசலில் சீட்டுக் கிழிப்பவள். ஆறு வாரக் குழந்தையாகத் தராசில் கிடந்து வீறிட்டவன், பதினோரு வருஷம் கழித்து உதட்டின் மேல் கரியால் மீசை வரைந்துகொண்டு வந்து நிற்பான். "உனக்கு மே பதினாலுதான்டா பன்னெண்டு ஆகுது. மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்குப் போ," என்பாள்.

பத்தொன்பது வருஷம் அந்த வாசலில் நின்றும் அவள் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பிந்தி வருகிறவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும், இடைவேளைக்கு வாஃபிள் அப்பம் சுட வேண்டும். நூற்றுக்கணக்கான படங்களின் முதல் பத்து நிமிஷம் மட்டும் அவளுக்கு மனப்பாடம். வயது வரம்பு சரிதான் என்பது அவள் கட்சி. "ராத்திரி அலறுற பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து பாருங்க, அப்புறம் சுதந்திரம் பேசுங்க," என்று காபி மேசையில் வாயடைத்துவிடுவாள்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் கரடிப் படம் வந்தது. சர்க்கஸிலிருந்து தப்பிய கரடியை ஒரு சிறுமி கொட்டகையில் ஒளித்து வைக்கிறாள், சிப்பாய்கள் தேடுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் தலைநகரத்துத் தணிக்கைக்காரர்கள் 'பன்னிரண்டு' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அதற்குக் குறைந்தவர்கள் அப்பா அம்மா கையைப் பிடித்து வந்தாலும் நுழைய முடியாது. திங்கட்கிழமைக் காலைப் படகில் படச் சுருள்கள் அடுத்த தீவுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை பிற்பகல் பனியில் முரசுச் சத்தம் கேட்டது. பள்ளி வாத்தியக் குழுவின் பெரிய முரசைச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு அறுபது பிள்ளைகள் திரையரங்கு மேட்டில் ஏறி வந்தார்கள். வாரத்தில் சனிக்கிழமை மட்டும்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மிட்டாய் நாள். எல்லார் கன்னமும் உப்பியிருந்தது. 'கரடி எங்களுக்கும்!' என்றது ஓர் அட்டை. 'நாங்க பாப்பா இல்ல!' என்றது இன்னொன்று. முன்னால் நடந்தது குன்வோரின் சொந்த மகள், பதினோரு வயது ராக்னா.

"அட்டை செய்ய என் அலமாரித் தட்டையா உடைச்ச?" என்றாள் குன்வோர்.

"பேச்ச மாத்தாதம்மா. எங்கள உள்ள விடு."

அதற்குள் பல் மருத்துவர் ஸ்டுர்லா தன் பையனை முன்னே தள்ளினார். "இவனுக்கு அப்பா நான். நான் சொல்றேன், இவன் பாக்கலாம். அரசாங்கமா இவனப் பெத்துச்சு?"

"இல்ல ஸ்டுர்லா. ஆனா ஒருத்தன விட்டாலும் என் வேலை போயிடும். பின்னாடி நில்லு."

"அம்மா, நீ அந்தப் படத்தப் பாத்தியா?" என்றாள் ராக்னா.

"இல்ல."

"அப்புறம் எங்களுக்கு ஆகாதுன்னு எப்படித் தெரியும்?"

"அதப் பாத்துச் சொல்றதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க."

"அவங்களுக்கு எங்கள்ல ஒருத்தர் பேராவது தெரியுமா? உனக்கு எல்லார் எடையும் தெரியும்!"

கூட்டம் ஓவென்று கூவியது. முரசு அதிர்ந்தது. குன்வோருக்குக் காது சிவந்தது. மகளின் முகத்தில் இருந்தது கோபமென்றால் சமாளித்திருப்பாள், அது அவமானம். இவளா என் அம்மா என்கிற பார்வை.

குன்வோர் சீட்டுக் கட்டை மேலாளர் ஆர்ன்விட்டின் கையில் திணித்தாள். "வாசலப் பாத்துக்க. நான் உள்ள போறேன்."

"வாஃபிள்?"

"நீயே சுடு."

பிள்ளைகள் மேட்டில் சறுக்கி விளையாடிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. முதலில் வந்தது குன்வோர். கொண்டை அவிழ்ந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது.

"பாக்கலாமா, கூடாதா?" என்று ராக்னா கத்தினாள்.

"அந்தக் கரடி இருக்கே..." என்று தொடங்கினாள் குன்வோர். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. படிக்கட்டே மேடையானது. கரடியாக நடந்தாள், சிப்பாயாக விறைத்தாள், வைக்கோலுக்குள் தும்மலை அடக்கும் சிறுமியாக மூக்கைப் பொத்திக்கொண்டாள். அறுபது பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆர்ன்விட் ஓடி வந்தார். "குன்வோர், இது சட்டப்படி..."

"படத்தக் காட்டக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. என் வாய்க்கு யாரும் முத்திரை குத்தல. தள்ளு, ஆறு உறைஞ்சு போச்சு, கரடி தாண்டணும்!"

கரடி தாண்டியது. பிள்ளைகள் குதித்தார்கள். அப்போது, படம் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்ற பதின்மூன்று வயதுக்காரன் ஒருவன் கத்தினான்: "ஏய், நடுவுல அப்பா வர்றத விட்டுட்டாங்க!"

குன்வோரின் கை அந்தரத்தில் நின்றது. உண்மைதான். சிறுமி நம்பிய அவளுடைய அப்பாவே பயந்துபோய்ச் சிப்பாய்களைக் கூட்டிவருகிற இடம். உள்ளே அதைப் பார்த்தபோது அவள் முன் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தாள். இங்கே, முன்வரிசையில் வாய் பிளந்து நின்ற லீவ் என்ற ஆறு வயதுப் பெண்ணைப் பார்த்ததும் தானாகவே தாண்டிப் போய்விட்டாள்.

"என்ன விட்ட?" என்றாள் ராக்னா.

"ஒண்ணுமில்ல. சின்னப் பிள்ளைங்க எல்லாம் உள்ள போய் ஆர்ன்விட்கிட்ட வாஃபிள் வாங்கிக்கோங்க. அப்புறம் சொல்றேன்."

"எத்தனை வயசுக்குக் கீழ?" ஸ்டுர்லாவின் பையன் நக்கலாகக் கேட்டான்.

"ஏழு."

"எனக்கு ஆறே முக்கால்!" என்று ஒரு குரல் அழுதது. "ஆறுன்னு வை!" "எட்டு!" "இவங்களும் தணிக்கைதான்!" என்று கூச்சல் கிளம்பியது. சறுக்குவண்டி கவிழ்ந்து முரசு மேட்டில் உருண்டு ஓடியது. பிடிக்க யாரும் போகவில்லை. ஸ்டுர்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ராக்னா சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையும், கீழே நின்ற லீவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, லீவின் பின்னால் போய்த் தன் கம்பளிக் கையுறைகளால் அவள் காதுகளை அழுத்தி மூடினாள்.

"இப்ப சொல்லும்மா. எதையும் விடாத."

"எனக்கு நல்லாவே கேக்குது!" என்றாள் லீவ், பெருமையாக.

குன்வோர் மூச்சை இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கொட்டகைக் கதவு திறந்துச்சு. விளக்கோட வந்தது அவ அப்பா..."

அறுபது பேரும் ஓரடி முன்னே வந்தார்கள்.