சிறுத்தையைத் தவறவிட்ட இரண்டு சம்பந்திகள்

செய்தி வந்தபோது நான் ஸ்காபுறோவில் எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் நின்று ஒரு காலுறைக்குச் சோடி தேடிக்கொண்டிருந்தேன். மகள் தர்ஷி ஃபோன் எடுத்தாள். எப்போதும் எழுதித்தான் அனுப்புவாள், குரலில் வருவது குறைவு.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

"கீழ, உடுப்புத் தோய்க்கிற இடத்தில. ஏன் பிள்ளை?"

"ஒருக்கா எங்கையாவது குந்தியிருங்கோ அப்பா."

"இஞ்சை எங்கை இருக்கிறது? மெஷினுக்கு மேலையோ?"

அவள் சிரிக்கவில்லை. "கஜன்ர அப்பா போயிட்டார், அப்பா" என்றாள். முதல் நாள்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "வெள்ளிக்கிழமை வீட்டை விடுறாங்களாம், நல்ல விளைமீனாப் பாத்து வாங்கி வையும்" என்று எனக்குக் கட்டளை போட்ட மனிதர். நான் மீனும் வாங்கி வைத்திருந்தேன். தனிக் காலுறையைக் கையில் பிடித்தபடி, மெஷின் ஓய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதும்படி மருமகன் கஜன் கேட்டபோது, எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை மட்டும்தான், அதிலும் கணக்கைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று சொன்னேன். "கதைக்கிற மாதிரி எழுதுங்கோ மாமா" என்றான். நான் கதைக்கிற மாதிரி எழுதினால் இந்த மலர் தலையணைத் தடிப்புக்கு வரும் என்பது அவனுக்குத் தெரியாது.

உங்களில் பலருக்கு இராசநாயகம் அண்ணையைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவராகத் தெரியும். இன்று ஸ்காபுறோவில் தாடி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர்தான் காலையில் கதவு திறந்தவர். எனக்கு அவர் சம்பந்தி. என் மகளை அவருடைய மகனுக்குக் கட்டிக்கொடுத்தேன். கொடுத்த அன்றே அவருடன் கோபித்தும் கொண்டேன்.

காரணம் சாம்பார். கல்யாண மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நாலு பேர் நிற்க, அவர் என்னிடம் வந்து, "சாம்பார் முடியப் போகுதாம்" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளை பகுதி பெண் பகுதியைக் குறை சொல்லிவிட்டது என்று நான் முகத்தைத் திருப்பினேன். நான் திருப்பினேன் என்று அவரும் திருப்பினார். எங்கள் மனைவிமார் அடுத்த நாளே ஃபோனில் புட்டவிக்கிற கதை கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும்தான் மானம்.

தர்ஷி பிள்ளைத்தாச்சியாக இருந்த நேரம், அவளும் கஜனும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். "அப்பா, உங்களுக்கு ஒரு சஃபாரி ரிக்கற் எடுத்திருக்கிறம், கென்யாவுக்கு" என்றார்கள். நான் சந்தோசமாக ஒரு தொப்பி வாங்கினேன். விமான நிலையத்தில் பார்த்தால் அதே மாதிரித் தொப்பியோடு இராசநாயகம் அண்ணை நிற்கிறார். அவருக்கும் அதே கதைதான் சொல்லியிருக்கிறார்கள். நான் பெட்டியைத் திருப்பிக்கொண்டு வெளிக்கிட, தர்ஷி வயிற்றைப் பிடித்தபடி குறுக்கே நின்றாள்.

"ரெண்டு பேரும் கேளுங்கோ. பிள்ளை பிறந்த முப்பத்தொண்டாம் நாளுக்கு நான் ரெண்டு பங்ஷன் வைக்க மாட்டன். கதைச்சுக்கொண்டு வந்தா ரெண்டு பேரும் பேரப்பிள்ளையைத் தூக்கலாம். கதைக்காட்டி ஒருத்தரும் வரவேண்டாம். ஐ மீன் இற்."

அவள் சின்ன வயதிலிருந்தே சொன்னதைச் செய்கிறவள். அவர்கள் மாசாய் மாராவில் எங்களுக்கு எடுத்து வைத்திருந்தது ஒரே கூடாரம்.

எங்களை ஏற்றிக்கொண்டு திரிந்த ஓட்டுநர் ஜோசப். முதல் நாள் அந்தப் பாவப்பட்ட மனிதர்தான் எங்களுக்குத் தபால்காரர்.

"ஜோசப், ஆஸ்க் ஹிம், வெயர் இஸ் த வோட்டர் பொட்டில்?" என்பார் அண்ணை. ஜோசப் திரும்பி என்னிடம் கேட்பார்.

"ரெல் ஹிம், அண்டர் ஹிஸ் சீற்" என்பேன் நான். ஜோசப் திரும்பி அவரிடம் சொல்வார்.

வெளியே யானைகள் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் தண்ணீர்ப் போத்தல் வழக்குப் பேசிக்கொண்டிருந்தோம். மதியத்தோடு ஜோசப்புக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் இருவரும் பகைவர்களா என்று கேட்டார்.

"நோ, நோ" என்றார் அண்ணை. "ஹிஸ் டோட்டர், மை சன். மேரேஜ்."

"ஆ!" என்றார் ஜோசப். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் சம்பந்திமார் இருந்திருக்க வேண்டும்.

அண்ணைக்கு மிருகங்களை விட ஜோசப்பின் ஓட்டத்தில்தான் கண். சிங்கம் ஒன்று வண்டிக்குப் பக்கத்தில் கொட்டாவி விட்டபோதும் இவர் கிளச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள், தாடி வைத்த மாடுகள் மாதிரி ஒரு கூட்டம் பாதையைக் கடக்கத் தொடங்கியது. நூற்றுக்கணக்கில் வந்தன. ஒன்றும் இடம் வலம் பார்க்கவில்லை. முன்னால் போனதன் வாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடின. அப்போது அண்ணையின் கை தானாக நீண்டது. பள்ளிக்கூட பஸ்ஸில், பிள்ளைகள் பாதை கடக்கும்போது மற்ற வண்டிகளை மறிக்கச் சிவப்பு "ஸ்ரொப்" பலகையை வெளியே விடுகிற பிடி இருக்குமே, அதைத் தேடி அந்தக் கை காற்றில் துழாவியது.

என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணை, இஞ்சை ஒருத்தனும் நிக்க மாட்டான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன்.

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கடைசிப் பிள்ளை கடந்து முடியுமட்டும் நிக்கோணும்" என்றார். கடைசியாக ஒரு நொண்டிக் கன்று வந்தது. அது கடந்த பிறகுதான் கையை மடித்தார்.

நாங்கள் கதைக்கத் தொடங்கியதுதான், ஆனால் நிலைமை இன்னும் மோசமானது. முதல் நாள் கோபம் இருந்தது, இப்போது அந்த இடத்தில் மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. கூடார வாசலில் "நீங்கள் முதல் போங்கோ", "இல்லை, நீங்கள் போங்கோ." காலைச் சாப்பாட்டில் "நீங்கள் முதல் போடுங்கோ", "சீச்சீ, நீங்கள் போடுங்கோ." முட்டை ஆறிவிடும். சமைத்த பெடியன் எங்களைக் கண்டாலே உள்ளே போய்விடுவான்.

இதைப் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் வாசிக்கக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன். எங்கள் பேச்சில் "நீ"க்கும் "நீங்கள்" என்பதற்கும் நடுவில் "நீர்" என்று ஒன்று இருக்கிறது. அதில் மரியாதையும் கெடாது, தூரமும் தெரியாது. சிநேகிதர்கள் அப்படித்தான் கதைப்பார்கள். சம்பந்திமார் மட்டும் அதைத் தொட மாட்டார்கள்.

திரும்பி வருவதற்கு முதல் நாள் காலையில் ஜோசப்பின் ரேடியோவில் செய்தி வந்தது. வண்டியைப் பறக்கவிட்டு ஒரு பெரிய மரத்துக்கு எட்டத்தில் நிறுத்தினார். கொப்பில் சிறுத்தை கிடக்கிறது என்றார். வெறும் கண்ணுக்கு யாரோ கயிறு தொங்கவிட்ட மாதிரி வால் மட்டும்தான் தெரிந்தது. இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். ஜோசப் அதை அண்ணையிடம் கொடுக்க, அண்ணை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் முதல் பாருங்கோ."

"ஐயோ, நீங்கள் மூத்தவர். நீங்கள் பாருங்கோ அண்ணை."

"நீங்கள் பொம்பிளையின்ர தகப்பன்."

"மாப்பிள்ளை பகுதிக்கெல்லோ முதல் மரியாதை."

"அது கலியாண வீட்டில. இது காடு. நீங்கள் பாருங்கோ."

பைனாகுலர் எங்கள் இருவருக்கும் நடுவில் தாம்பூலத் தட்டு மாதிரிப் போய்வந்துகொண்டிருந்தது. "சேர், பிளீஸ், சம்படி லுக்!" என்று ஜோசப் கெஞ்சினார். சிறுத்தை எழும்பியது, முதுகை வளைத்தது, எங்கள் பக்கம் ஒருதரம் பார்த்தது, இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டது. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தபோது கொப்பு மட்டும் நின்றது. நல்ல கொப்பு.

ஜோசப் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அண்ணை முதலில் மெல்லக் குலுங்கினார், பிறகு வண்டியே குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சை பாரும், உந்த 'நீங்கள்' கதையை விடும் ஐசே" என்றார். "நீர் எண்டு கதைச்சிருந்தா இண்டைக்கு ஒராளாவது பாத்திருக்கலாம்."

"சரி, சொல்லுங்கோ."

"சொல்லுங்கோ இல்லை. சொல்லும்."

"சொல்லும்" என்றேன். வாய் கூசியது. ஆனால் சொன்னபிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "எண்டாலும் நீர் அண்டைக்குச் சாம்பார் முடியப் போகுதாம் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னது சரியில்லை."

அவர் சிரிப்பை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "விசரே உமக்கு? விடியத் தொடங்கி நீர் ஒண்டும் சாப்பிடேல்லை. ஓடி ஓடி ஆக்களை இருத்திக்கொண்டு நிண்டீர். எனக்குத் தெரியாதே, பிள்ளையைக் குடுக்கிறவனுக்கு அண்டைக்குப் பசி தெரியாதெண்டு? முடிய முன்னம் வந்து ரெண்டு வாய் சாப்பிடும் எண்டுதான் சொல்ல வந்தனான். நீர் முகத்தை அங்காலை திருப்பிப்போட்டீர்."

நான் உடனே பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். கொப்பை நெடுநேரம் பார்த்தேன். ஜோசப் நல்லவர், அங்கே ஒன்றும் இல்லையே என்று சொல்லவில்லை.

பேத்தி அனிகாவின் முப்பத்தொன்றுக்கு, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் கஜனும் தர்ஷியும் இருந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரே காரில் போய் இறங்கினோம். தர்ஷி பிள்ளையைக் கொண்டுவந்து நடுவில் நீட்டினாள். நான் வாயைத் திறக்க முதல் அண்ணை சொன்னார்: "நீர் முதல் பிடியும். இது சிறுத்தை மாதிரி ஓடாது, எண்டாலும் பிந்தாதையும்."

அதற்குப் பிறகு அவர் சொந்தமாக ஒரு பைனாகுலர் வாங்கினார். ஸ்ரௌவ்வில் வீட்டுப் பின்வளவில் கதிரை போட்டு உட்கார்ந்து, மான் வருகிறதா, நரி வருகிறதா என்று பார்ப்பார். ஃபோன் வரும். "வாரும், ஒண்டு நிக்குது." டோர்செட் பார்க்கிலிருந்து நெடுஞ்சாலையில் போராடிப் போய்ச் சேர்ந்தால், "இப்பத்தான் போனது, இரும், ரீ குடியும்" என்பார். அங்கே ஒருநாளும் ஒன்றும் நின்றதில்லை என்று எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஆனாலும் போவேன்.

ஆஸ்பத்திரியிலும் அந்தப் பைனாகுலர் கட்டில் மேசையில் இருந்தது. அவருடைய ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்துகிற இடம். "உவன் ரிவேர்ஸ் எடுக்கிற வடிவைப் பாரும், கண்ணாடியே பாக்கேல்லை" என்று என்னிடம் தருவார். நான் திருகிச் சரிப்பண்ணுவதற்குள் கார் போயிருக்கும். "உமக்கு ஒண்டும் காட்டேலாது ஐசே" என்று சிரிப்பார். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவர் சிரித்த மாதிரித்தான் சிரித்தார்.

அந்தப் பைனாகுலரைச் சம்பந்தியம்மா எனக்குத் தந்துவிட்டார். ஆனால் நான் அவரிடமிருந்து வைத்திருக்கிறது அது இல்லை. வீட்டில் மனைவிக்கு நான் "இஞ்சாருங்கோ." பிள்ளைகளுக்கு அப்பா. வேலையிடத்தில் "ஹேய் யூ." கடையிலே, கோயிலிலே அங்கிள். என்னை "நீர்" என்று கூப்பிட்டவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். இனி யாரிடம் அதைச் சொல்வது என்று தெரியவில்லை. அனிகா வளர்ந்து, "தாத்தா, நீர் இரும்" என்று தப்பாகச் சொன்னால் நான் திருத்த மாட்டேன்.

இறுதிக் கிரியையின்போது பூப்போட என்னை முன்னால் விட்டார்கள். அவருடைய முகத்தைப் பார்த்தபோது, அன்று வண்டிக்குள் வாய் கூசி நான் சொன்ன "சொல்லும்"தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நாங்கள் மரியாதையைக் கைவிட்டது பிழையோ என்றும் யோசித்தேன். "நீங்கள்" போட்டுக் கதைத்த சம்பந்திமாராகவே இருந்திருந்தால், அவர் போன அந்த வாசலிலும் "நீங்கள் முதல் போங்கோ", "இல்லை, நீங்கள் முதல் போங்கோ" என்று நாங்கள் இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்திருப்போம்.